பழைய புரோநோட்டு எங்கே?

என் மனைவி எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். கல்யாணமான புதிதில் இதை ஒரு வியாதி என்றே நினைத்தேன். ரேஷன் கடையில் பின்னால் பத்துப் பேர் நின்று முணுமுணுக்க, ரசீதின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடமாட்டாள். வடை மடித்து வந்த காகிதத்தில் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பாள். சந்தவாசலில் எட்டாவது வரை படித்தவள். நானும் எட்டாவதுதான். என் படிப்பு பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது, அவளுடையது நிற்கவில்லை.

நான் அவளுக்கு நேர்மாறு. பேனாவை நீட்டினால் போதும், போட்டுவிடுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம் வேறு. கடைசி எழுத்தின் வாலை இழுத்து, அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். அந்த இரண்டு புள்ளி எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது, அங்கிருந்து அவள் எப்படி இழுத்துக்கொண்டு வந்தாள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று பல வருடமாக ஆசை.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் தங்கையைத் தேவிகாபுரத்தில் கொடுத்தோம். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுக்குள்ளேயே குழித்தறி. ஆரணியில் இருந்த பட்டு முதலாளி தறியில் ஏற்றும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுப்பார். புடவையை நெய்து கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. தங்கை கல்யாணத்துக்கு அவரிடம் எண்ணூறு ரூபாய் கேட்டேன். முகம் சுளிக்காமல், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அதன்மேல் பணத்தை வைத்து நீட்டினார். பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை ஓர் அச்சடித்த தாளை நீட்டினார். புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்ப் மட்டும் ஒட்டியிருந்தது. தொகை, வட்டி, தேதி எழுதவேண்டிய இடமெல்லாம் காலியாக இருந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெற்றிலைத் தட்டில் வந்த பணத்தை எண்ணிப் பார்க்கமாட்டோம். தாளில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்கமாட்டோம். கேட்டால் கொடுத்தவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அப்புறம் அடுத்த பாவு தாமதமாக வரும், வந்தாலும் சிக்கல் பாவாக வரும். நான் எண்ணவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஸ்டாம்பின்மேல் கோடும் புள்ளியுமாகப் போட்டுக்கொடுத்துவிட்டு, என்னை நம்பி ஒரு பெரிய மனிதர் பணம் கொடுத்திருக்கிறாரே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புடவைக்கும் கூலியில் பத்து ரூபாய் பிடித்தம். பிடித்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று நான் கேட்டதே இல்லை. முள்ளிப்பட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பெயர் நாணயம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். கடன் தீரும்வரை வேறு இடத்தில் பாவு வாங்க முடியாது என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். வேறொரு முதலாளியிடம் போனால் அவர் கேட்கிற முதல் கேள்வியே, "பழைய எடத்துக் கணக்கு தீந்துச்சா?" என்பதுதான்.

என் மனைவி வந்த இரண்டாவது மாதமே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டு கேட்டாள்.

"நமக்கு எவ்ளோ கடன் கீது?"

"அது முதலாளிக்குத் தெரியும்."

அவள் சிரித்த சிரிப்பில் ராட்டையே நின்றுவிட்டது. நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை என்று புரிந்ததும் சிரிப்பையும் நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் நாங்கள் உறுப்பினராக வேண்டும். அங்கே கூலி கொஞ்சம் அதிகம், தீபாவளிக்குப் போனஸ் உண்டு, யாரிடமும் குழைந்து நிற்கவேண்டாம். ஆனால் தறியில் முதலாளியின் பாவு இருக்கும்வரை சங்கத்து நூல் எப்படி ஏறும்? கடன் எவ்வளவு என்று தெரியாமல் அதை எப்படித் தீர்ப்பது? அதைத்தான் கேட்டிருக்கிறாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்குப்பிள்ளை சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். மூன்று வருடம் முடியப்போகிறது, நோட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்றார். வட்டி போட்டு, நடுவில் வாங்கியதையும் சேர்த்து ஆயிரத்து இருநூறு என்றார். நடுவில் தீபாவளிக்கும், அம்மாவின் காய்ச்சலுக்கும், ஒரு டிரான்சிஸ்டருக்கும் வாங்கியது எனக்கு ஞாபகம் இருந்தது. எவ்வளவு என்பதுதான் ஞாபகம் இல்லை. இவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கிறாரே என்று காபி போடச் சொல்லிக் கொடுத்து, கையெழுத்தும் போட்டேன். மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் டம்ளரைப் பார்த்தாள், என் விரலில் இருந்த மையைப் பார்த்தாள்.

"புது நோட்டா எழுதிகினாரு? அப்ப பழைய நோட்டு எங்க?"

"அவரு பெட்டியில கீது. அத்த வெச்சிகினு நாம இன்னா பண்ணப்போறோம்?"

"அவரு இன்னா பண்ணப்போறாரு?"

பதில் தெரியாதபோது கத்துவது என் சுபாவம். கத்தினேன். வந்த மூன்று வருடத்துக்குள் என் முதலாளியைத் திருடன் என்கிறாயா என்று கேட்டேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

திங்கட்கிழமை அவள் ஆரணிக்குப் பஸ் ஏறினாள். கோர்ட்டுக்கு எதிரில் பத்திரம் எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஆள் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். இரண்டாவது ஆள், வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா என்று துரத்தியிருக்கிறார். டைப்ரைட்டர் வைத்திருந்த மூன்றாவது ஆள் மட்டும் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாள்.

"வூட்டுப் பொம்பளை கோர்ட்டு வாசல்ல நிக்கிறதா? பேஜாராப் போச்சு எனக்கு. நாலு பேரு பாத்திருப்பான்" என்றேன்.

"கோர்ட்டு உள்ள போவக் கூடாதுன்னுதான் வாசல்ல நின்னேன்" என்றாள்.

காலண்டர் தாளை எனக்குப் படித்துக் காட்டினாள். காலி நோட்டில் கையெழுத்துப் போடவே கூடாது. கட்டுகிற ஒவ்வொரு பணத்தையும் நோட்டின் பின்பக்கத்தில் வரவு வைக்கச் சொல்லலாம், அல்லது ரசீது கேட்கலாம், அது கடன் வாங்கினவனின் உரிமை, கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. புது நோட்டு எழுதினால் பழையது கைக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் ஒரு கடன் இரண்டு கடனாக நிற்கலாம். கடைசியாக அவள் படித்ததைக் கேட்டு நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். பணம் கட்டினதற்கோ புதுப்பித்ததற்கோ எழுத்து இல்லாமல் மூன்று வருடம் தாண்டினால் அந்த நோட்டை வைத்து வழக்குப் போட முடியாதாம். அதனால்தான் தேதி தவறாமல் வந்திருக்கிறார் கணக்குப்பிள்ளை. நானோ அதைப் பாசம் என்று நினைத்துக் காபி கொடுத்திருக்கிறேன்.

பழைய நோட்டைக் கேட்கப் போனேன். "தேடிப் பாக்கிறேம்பா" என்றார் கணக்குப்பிள்ளை. அவ்வளவுதான். ஆயிரத்து இருநூறு எப்படி வந்தது என்று கேட்க எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. "நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க, அத்த ஒத்துகினுதான் ஆவணும். இனிமேப்பட்டுப் பாப்போம்" என்றாள் மனைவி. போனதை நினைத்து ஒரு நாள்கூட அவள் புலம்பவில்லை. நான்தான் அவளுக்கும் சேர்த்துப் புலம்பினேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த நோட்டுப் புத்தகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற கோடு போட்ட புத்தகம்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில் "ஆயிரத்து இருநூறு கணக்கில் வரவு" என்று எழுதினாள். தறியிலிருந்து ஒரு புடவையை அறுத்து எடுத்ததும், அதில் மிஞ்சிய ஊடை நூலில் ஒரு விரல் நீளம் எடுத்து ஓரத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவாள். பக்கத்தில் தேதி, கூலி, பிடித்தம். அதற்குப் பக்கத்தில் கணக்குப்பிள்ளையின் கையெழுத்துக்கு ஒரு கட்டம். பிடித்தத்தையும் அவளே பத்திலிருந்து இருபதாக்கினாள். அந்தக் குறைச்சலைச் சரிக்கட்ட அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தார் சுற்றிக் கொடுத்தாள். என் டிரான்சிஸ்டரை விற்றாள். அதற்காக ஒரு மாதம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் புத்தகத்தை முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டைக்குள் சொருகிக்கொண்டு போய், நீட்டாமலே திரும்பிவிட்டேன். அடுத்த தடவை அவளே கூட வந்தாள்.

"பிடித்தம் இருபதா புடிச்சிக்குங்க. இந்தக் கட்டத்துல ஒரு சின்ன கையெழுத்து மட்டும் போடுங்க" என்றாள்.

"எங்க மேல நம்பிக்கை இல்லியாம்மா?" என்றார் கணக்குப்பிள்ளை.

"நீங்க நம்பிக்கை இல்லாமயா இவர்கிட்ட நோட்டு எழுதி வாங்கினீங்க? அதுமாதிரிதான் இதுவும்."

அங்கே பாவு வாங்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நூல் ஒட்டியிருந்ததைக் கண்டு தானும் சிரித்தார். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று எண்ணியிருப்பார். "புடவைக் கடையே வெச்சிருக்கியேம்மா" என்று கேலி செய்துகொண்டே போட்டார். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அப்படியே கேலியும் கையெழுத்துமாக நடந்தது. மூன்று வருடம், எழுபத்தெட்டுப் புடவை, எழுபத்தெட்டுக் கையெழுத்து. மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து, இலைப்பச்சை என்று பக்கம் பக்கமாகப் புத்தகம் பருத்துக்கொண்டே போனது.

அந்த மூன்று வருடமும் முடிய ஒரு மாதம் இருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. தேவிகாபுரத்தில் தங்கை வீட்டில் போய் ஒரு மாதம் இருந்துவிட்டால் தேதி தாண்டிவிடும், நோட்டு செல்லாது, கடனும் இல்லை. சட்டம் தெரிந்த மனிதனாகிவிட்ட பெருமையோடு அவளிடம் சொன்னேன். அவள் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

"அந்தப் பணத்துலதான உங்க தங்கச்சி கழுத்துல தாலி ஏறிச்சி? நாம சாப்ட்டோம், நாம கட்டணும். கட்ட வேண்டியதுக்கு மேல ஒரு ரூபா கட்டக் கூடாது. ஓடி ஒளியறதுக்கா இவ்ளோ எழுதினேன்?"

கணக்குப்பிள்ளை நோட்டோடு வருவதற்கு முன்னால் நாங்களே போனோம். கணக்குப் பார்த்து முடித்துக்கொள்கிறோம் என்றேன். முதலாளி திண்டில் சாய்ந்தபடி, பெட்டியைத் திற என்று கணக்குப்பிள்ளைக்குக் கை காட்டினார். பெட்டியிலிருந்து வெளியே வந்தது ஒரு நோட்டு அல்ல, இரண்டு. அன்றைக்குத் தேடிப் பார்க்கிறேன் என்று சொன்ன எண்ணூறு ரூபாய் நோட்டு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. இரண்டிலும் என் கோடும் இரண்டு புள்ளியும் பளிச்சென்று தெரிந்தன.

"புடிச்சதெல்லாம் வட்டிக்குச் சரியாப் போச்சு. அசல் ஆயிரத்து இருநூறு அப்படியே நிக்குது. இந்த எண்ணூறு தனி. ஆக ரெண்டாயிரம்" என்றார் கணக்குப்பிள்ளை.

ரெண்டாயிரம் என்றால் நான் கிழவனாகும்வரை அவருடைய பாவைத்தான் நெய்ய வேண்டும். சங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அழுதுவிடுவேனோ என்று பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மடியில் இருந்த புத்தகத்தை எடுத்து முதலாளிக்கு முன்னால் திறந்துவைத்தாள்.

"அந்த எண்ணூறு இதுக்குள்ளதான் கீது முதலாளி. ரெண்டும் தனித்தனின்னா ரெண்டுக்கும் தனித்தனியா புடிச்சிருக்கணும் இல்லீங்களா? எல்லாப் பக்கத்துலயும் ஆயிரத்து இருநூறு கணக்குன்னு ஒரே பிடித்தம்தான் கீது. பக்கத்துல இவரு கையெழுத்து. அந்தப் பழைய நோட்டு மூணு வருசம் தாண்டிப் போச்சுன்னும் எனக்குத் தெரியும். அத்தப் பேச நான் வரல. நாங்க வாங்கினதக் கட்டத்தான் வந்தேன்."

குரல் உயரவே இல்லை. அவளும் பயந்துதான் இருந்தாள் என்று எனக்குத் தெரியும், அப்படியும் பேசினாள் என்பதால்தான் அவள்மேல் எனக்கு இத்தனை மரியாதை.

முதலாளி புத்தகத்தைக் கையில் எடுத்தார். அவரும் ஒரு காலத்தில் தறிக்குழியில் கால் வைத்து நெய்தவர்தான். எழுத்தை அவர் படிக்கவில்லை. நூலை விரலால் தடவிக்கொண்டே பக்கம் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார்.

"இது எம் பொண்ணு முகூர்த்தப் புடவை ஊடை இல்ல?"

"ஆமாங்க. அந்தப் புடவைக்கும் இருபது ரூபா புடிச்சீங்க" என்றாள்.

முதலாளி விரலை அந்த நூலிலேயே வைத்தபடி கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பினார். "அந்தம்மா சொல்றமாதிரி போடுப்பா. மாசா மாசம் அசல்ல கழிச்சிகினு வா." அந்த மனிதரைப் பற்றி நான் எவ்வளவோ குறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவரையும் கும்பிட வேண்டும்.

நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று கணக்குப்பிள்ளை ஒரு மணி நேரம் கணக்குப் போட்டார். பாக்கி நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் வந்தது. அவள் வீட்டிலேயே போட்டுவந்த கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றேழு. ஓரிடத்தில் கூட்டலில் தப்பு, அதுவும் எங்களுக்கே நஷ்டமாக. "ரெண்டு ரூபா மிச்சம் பண்ணிக் குடுத்தீங்க" என்று கணக்குப்பிள்ளைக்கே நன்றி சொன்னாள். அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மைக்கூட்டை மூடினார்.

தவணை கேட்பாள் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து இரண்டு நூறு ரூபாய் நோட்டை வைத்தாள். அக்கம்பக்கத்துக்குத் தார் சுற்றிச் சேர்த்தது. அப்படி ஒரு பணம் வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இன்னொரு டிரான்சிஸ்டர் வாங்கியிருப்பேன்.

முதலாளி வழக்கப்படி வெற்றிலைத் தட்டில் மீதி ஐந்து ரூபாயை வைத்துக் கொடுத்தார். அவள் வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், ஐந்து ஒற்றை ரூபாய்த் தாளையும் ஒவ்வொன்றாக எண்ணினாள். "சரியா கீதுங்க" என்றாள். எனக்குத் தெரிந்து அந்த வீட்டுத் தட்டுப் பணத்தை எண்ணிய முதல் ஆள் அவள்தான்.

கணக்குப்பிள்ளை இரண்டு நோட்டையும் சேர்த்துப் பிடித்துக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க. பின்னால முழுசும் வரவாயிடுச்சின்னு எழுதி, முதலாளி கையெழுத்துப் போட்டு எங்க கையில குடுங்க."

எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அவள் சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று பக்கத்து சீட்டு அம்மாளிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே சங்கத்தில் சேர்ந்தோம். அவளுடைய புத்தகத்தைப் பார்க்க எங்கள் தெருவிலிருந்து பெண்கள் வந்தார்கள். சில ஆண்கள் வந்து, இந்த மாதிரிப் பொம்பளையோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்று என்னைத் துக்கம் விசாரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பிற்பாடு மனைவியை அனுப்பி எப்படிக் கோடு போடுவது என்று கேட்டுக்கொண்டார்கள்.

எண்பதுகளில் தறியில் பூவேலை நெய்ய ஜக்கார்டு பெட்டி வாங்கச் சங்கத்தின் மூலமாகக் கடன் வந்தது. கடன் என் பேரில், ஜாமீன் அவள். ஆபீசில் எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை. குமாஸ்தா நான்கு பக்கத் தாளைத் தள்ளி, "ஜல்தியா இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசியில ஒண்ணு" என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். என் கையில் பேனா. பழக்கதோஷத்தில் முனை தாளுக்குப் பக்கத்தில் போயேவிட்டது. அவள் தடுக்கவில்லை, சும்மா பக்கத்தில் நின்றாள். நான் பேனாவை மூடிவிட்டு, முதல் பக்கத்துக்குத் திருப்பி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எட்டாவது படித்தவனின் வேகம்தான், விரல் வைத்துப் படித்தேன். பின்னால் யாரோ, "இன்னாய்யா, இங்கயே குடியிருக்கப் போறியா?" என்று சத்தம் போட்டார்.

என் மனைவி திரும்பி நின்று வரிசையைப் பார்த்தாள்.

"செத்த இருங்க" என்றாள். "எங்க வூட்டுக்காரரு படிச்சிகினு கீறாரு."